ஒரு செட் மாத்திரையும் இறங்காத சோறும்

"சோறு இறங்க மாட்டேங்குது, முழுங்கினா நெஞ்சுக்குள்ள குத்துது" என்று வீட்டில் ஒருவர் சொன்னால் பெரம்பலூரிலும் அரியலூரிலும் நாம் சொல்லும் முதல் பதில் "கேஸா இருக்கும்" என்பதுதான். சோடா வாங்கிக் கொடுக்கிறோம். சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுக்கிறோம். அதற்கும் கேட்கவில்லை என்றால் மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்குகிறோம். அவர் போன மாதம் எந்தக் காய்ச்சலில் கிடந்தார், அப்போது என்னென்ன மாத்திரை சாப்பிட்டார், அதை யார் கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை. வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்ப்பதும் இல்லை. ஓர் ஆளைப் பிடித்துக் குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. நோயாளி, குடும்பத்தார், மருந்துக்கடைக்காரர், மருத்துவர், பத்திரிகையில் எழுதுகிறவர் என்று இந்த இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிற நாம் எல்லோரும் சேர்ந்து கைவிட்ட ஒரு விஷயம் இது. ஆகவே சேர்ந்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

நோயின் பெயர் உணவுக்குழாய்க் கேண்டிடா தொற்று. கேண்டிடா ஈஸ்ட் வகைப் பூஞ்சை. நலமாக இருக்கும் பலருடைய வாயிலும் குடலிலும் அது எப்போதும் இருக்கிறது. எந்தத் தொந்தரவும் தராமல் இருந்துவிட்டுப் போகும். அதைப் பெருகவிடாமல் பிடித்து வைத்திருப்பவை நம் உடம்பில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களும் நம் எதிர்ப்பு சக்தியும்தான். ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு நோய் தந்த பாக்டீரியா எது, காவலுக்கு இருந்த பாக்டீரியா எது என்று தெரியாது. இரண்டையும் கொல்லும். பூஞ்சையை மட்டும் தொடாது. மக்காச்சோளக் காட்டில் மருந்தடித்த பிறகு மற்ற களையெல்லாம் கருகிப்போய் கோரை மட்டும் தழைத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. இடமும் இரையும் தாராளமாகக் கிடைத்ததும் உருண்டையாக இருந்த பூஞ்சைச் செல்கள் இழைகளாக நீண்டு சவ்வுக்குள் ஊடுருவத் தொடங்குகின்றன. நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளை படிகிறது. சிலருக்கு அது தொண்டையைத் தாண்டி, சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய்க்குள் இறங்குகிறது.

எண்டோஸ்கோப்பிக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தால், இளஞ்சிவப்பாக வழவழப்பாக இருக்க வேண்டிய சுவர் நெடுகிலும் வெள்ளையும் மஞ்சளுமாகத் திட்டுகள் ஒட்டியிருக்கும். சாப்பாட்டு மிச்சமாக இருக்குமோ என்று குழாய் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்ப்பார்கள். சாப்பாட்டு மிச்சம் என்றால் கழுவிக்கொண்டு போய்விடும். இது போகாது. சுரண்டி எடுத்தால் அடியில் சிவந்து புண்ணாகிக் கிடக்கும். அந்தப் புண்ணின் மேல்தான் ஒவ்வொரு கவளமும் இறங்குகிறது. காரக் குழம்பு வேண்டாம், வெறும் ரசம் சாதமே மார்பெலும்புக்குப் பின்னால் கத்தி வைத்த மாதிரி வலிக்கும். சிலருக்கு எச்சில் விழுங்கினாலே வலி. சாப்பிடப் பயந்து பாதித் தட்டோடு எழுந்துவிடுவார்கள். வாயில் வெள்ளை இல்லாமல் உணவுக்குழாயில் மட்டும் பூஞ்சை இருப்பதும் உண்டு. நாக்கு சுத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து இந்த நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

பயமுறுத்துவதற்காக மிகைப்படுத்தக் கூடாது. திடகாத்திரமான ஒருவர் மருத்துவர் சொன்னபடி ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அவருக்கு உணவுக்குழாயில் பூஞ்சை வருவது அரிது. வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கூடவே இன்னொரு காரணம் இருக்கும். கட்டுப்படாத சர்க்கரை, ஸ்டீராய்டு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலரை இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காத பழக்கம், மாதக்கணக்கில் போடும் அமிலக் குறைப்பு மாத்திரை, புற்றுநோய்ச் சிகிச்சை, எச்.ஐ.வி., முதுமை என்று ஏதாவது ஒன்று. ராத்திரியிலும் கழற்றாத பல்செட் வாய்க்குள் பூஞ்சை தங்க இடம் கொடுக்கும். நம் ஊர்களின் துயரம் என்னவென்றால், இவற்றில் இரண்டு மூன்றை ஒரே ஆள் மேல் நாமே ஏற்றி வைக்கிறோம். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'ஒரு செட்'.

சின்ன வெங்காயம் பிடுங்கிவிட்டோ பருத்தி எடுத்துவிட்டோ வருகிற ஓர் அம்மா சாயங்காலம் மெடிக்கல் வாசலில் நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "தம்பி, ரெண்டு நாளா தொண்டை கட்டிக்கிட்டு ஒடம்பெல்லாம் முறிச்சுப் போடுது. ரெண்டு வேளைக்கு ஒரு செட்டு குடு" என்பார். "சாப்பிட்டீங்களாம்மா? சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டே தம்பி நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரியால் வெட்டிச் சின்னக் காகிதக் கவரில் போட்டுத் தருவார். அதில் காய்ச்சல் மாத்திரை ஒன்று, வலி மாத்திரை ஒன்று, கேஸ் மாத்திரை ஒன்று. பல நேரம் ஒரு ஆன்டிபயாடிக். சில இடங்களில் சின்னஞ்சிறு ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றும் இருக்கும். எல்லாக் கடையிலும் இப்படி நடப்பதில்லை. சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று திருப்பி அனுப்புகிற மருந்தாளுநர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி "அந்தக் கடைக்காரருக்குத் திமிரு" என்று பேசிவிட்டு அடுத்த கடைக்குப் போகிறவர்களும் நாம்தான்.

அந்தக் கவருக்குள் இருப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சளிக்கும் பெரும்பாலான தொண்டை வலிக்கும் காரணம் வைரஸ். வைரஸை எந்த ஆன்டிபயாடிக்கும் தொடாது. ஆக, அந்த மாத்திரை அடிக்க வேண்டியதை விட்டுவிட்டுக் காவலுக்கு இருந்ததை மட்டும் அடிக்கிறது. ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைத் தணித்து வைக்கிறது, சர்க்கரையை ஏற்றிவிடுகிறது. கூடவே வலியையும் காய்ச்சலையும் சட்டென்று அமுக்கிப் பசியைக் கிளப்பிவிடுவதால், "அந்தக் கடை மாத்திரை ஒரு வேளையிலே கேட்டுது" என்று ஊரெல்லாம் பேர் பரவுகிறது. அமிலக் குறைப்பு மாத்திரை வயிற்று அமிலம் என்கிற தடுப்பையும் இறக்கிவிடுகிறது. பூஞ்சைக்கு என்னென்ன வழி திறக்க வேண்டுமோ அத்தனையும் ஒரே கவரில் இருக்கிறது. வெட்டிய அட்டைத் துண்டில் மருந்தின் பெயர் பாதிகூட இருக்காது; தேதியும் இருக்காது. மூன்று வாரம் கழித்து விழுங்க முடியாமல் மருத்துவரிடம் போகும்போது "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று அவர் கேட்டால், "ஒரு சேப்பு, ரெண்டு வெள்ளை, ஒரு கேப்சூல்" என்பதற்கு மேல் அந்த அம்மாவால் எதுவும் சொல்ல முடியாது.

அவரைக் குறை சொல்வது எளிது. அது நியாயமாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் சீட்டுப் போட்டு வரிசையில் நின்று வந்தால் பாதி நாள் போகும், அன்றைய கூலி போகும். பருத்தி வெடித்து நிற்கிற நேரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது அவர் கணக்கிலேயே கிடையாது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களுக்கும், அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். ஆனால் மாதச் சம்பளமும் விடுப்பும் இருக்கிற நாமும் அதையே செய்கிறோம். போன வருடத்துச் சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டு அதைக் காட்டியே வாங்குகிறோம். குழந்தைக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மருந்து பாட்டிலில் மிச்சம் இருந்தால் அடுத்த காய்ச்சலுக்கு ஃபிரிட்ஜில் பத்திரப்படுத்துகிறோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு "எனக்கு இதுதான் கேட்டுச்சு, நீங்களும் போட்டுப் பாருங்க" என்று அரை அட்டையைக் கொடுக்கிறோம். அந்த அம்மாவுக்கு வேறு வழி குறைவு. நமக்கு வழி இருந்தும் நாம் அக்கறை காட்டவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் எச் அட்டவணையில் உள்ள மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது. அசித்ரோமைசினும் அமாக்சிசிலினும் அதில் அடங்கும். அது போதவில்லை என்று 2013இல் எச்1 என்ற இன்னொரு அட்டவணை கொண்டுவந்தார்கள்; 2014 மார்ச் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முதலில் அதில் சேர்ந்தவை 46 மருந்துகள். நம் ஊரில் பிள்ளைகளுக்குச் சர்வசாதாரணமாகக் கொடுக்கப்படும் செஃபிக்சைமும், பெரியவர்களுக்குக் கொடுக்கப்படும் லீவோஃப்ளாக்சசினும் அவற்றில் உண்டு. இவற்றை விற்கும்போது சீட்டு எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2016இல் மத்திய அரசு, அட்டையின் பின்புறம் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் சாப்பிடாதீர்கள் என்று பிரசாரம் செய்தது. அந்தக் கோட்டை இன்றைக்கும் அட்டையில் பார்க்கலாம். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

மருத்துவர்களும் இந்த 'நாம்'-இல் அடங்குவார்கள். நெருக்கடி புரிகிறது. வாசலில் அறுபது பேர் காத்திருக்கும்போது ஓர் ஆளுக்குக் கிடைப்பது சில நிமிடம். "ஊசி போடாம அனுப்புற டாக்டர் என்ன டாக்டர்" என்று பேசுகிற ஊர் வேறு. ஆன்டிபயாடிக் எழுதாவிட்டால் அடுத்த கிளினிக்கில் எழுதி வாங்கிக்கொள்வார்கள் என்ற நினைப்பும் இருக்கிறது. ஆனாலும் டார்ச் அடித்து நாக்கைப் பார்க்க அரை நிமிடம் போதும். "போன ஒரு மாசத்துல வேற எங்கயாவது மாத்திரை வாங்கினீங்களா?" என்று கேட்கப் பத்து நொடி. இந்த இரண்டும் விட்டுப்போனதால் நடப்பதுதான் மிகவும் வருத்தம் தருவது. தொண்டையில் வெள்ளை தெரிகிறது என்பதற்காகவே அதை டான்சில் சீழ் என்று எடுத்துக்கொண்டு, முன்பைவிட வீரியமான இன்னொரு ஆன்டிபயாடிக் கொடுக்கப்படுகிறது. அடங்க வேண்டிய நோய்க்கு நாமே உரம் போடுகிறோம். இன்னொரு பக்கம், நெஞ்சு வலி என்றதும் இதயப் படம் எடுத்து, அது சரியாக இருப்பதைப் பார்த்து, கேஸ் மாத்திரையோடு அனுப்பிவிடுவதும் நடக்கிறது.

சரியாகக் கண்டுபிடித்தால் சிகிச்சையில் பெரிய சிக்கல் இல்லை. ஃப்ளூகோனசோல் என்கிற மாத்திரைதான் முதல் மருந்து. உணவுக்குழாய்ப் பூஞ்சைக்கு வழக்கமாக நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை, 14 முதல் 21 நாள் கொடுக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு சில நாளிலேயே விழுங்கும் வலி குறையத் தொடங்கிவிடும். இதிலும் நாம் குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறோம். படைக்குக் கொடுக்கும் 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை மெடிக்கலில் வாங்கிப் போட்டுவிட்டுக் கொஞ்சம் தேவலை என்றதும் நிறுத்திவிடுகிறோம். அரைகுறையாக மருந்து பட்ட பூஞ்சை மறுபடி வரும். மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம். நாக்கில் தடவும் திரவம் வாய்ப் பூஞ்சைக்குப் போதும், உணவுக்குழாய்க்குப் போதாது. இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஃப்ளூகோனசோலைத் தாங்களாக வாங்கிப் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழ வாய்ப்பு உண்டு. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தக்கசிவு ஆபத்து கூடும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

விழுங்கும்போது வலித்தால் எல்லாமே பூஞ்சையும் ஆகாது. உண்ணிக் காய்ச்சலுக்கும் எலிக் காய்ச்சலுக்கும் கொடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு அப்படியே பாயில் சாய்ந்தால், அது உணவுக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு அந்த இடத்தையே புண்ணாக்கிவிடும். அதுவும் ஆன்டிபயாடிக் தந்த புண்தான், பூஞ்சை இல்லாத புண். ஒரு முழு டம்ளர் தண்ணீரும், அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதும் அதைத் தடுக்கும். இதை மாத்திரை கொடுக்கும்போது நமக்கு யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. முதலில் சோறு இறங்காமல், பிறகு கஞ்சியும் இறங்காமல், உடம்பு இளைத்துக்கொண்டே போனால் அது உணவுக்குழாய்ப் புற்றுநோயாக இருக்கலாம். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் நிறைந்த நம் கிராமங்களில் இதைக் கேஸ் என்று சொல்லி மாதங்களைக் கடத்தியது நாம் செய்த பெரும் பிழை. அப்போது எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடவே கூடாது.

எச்.ஐ.வி.யைப் பற்றிப் பேச நாம் கூசுகிறோம். 1981 ஜூனில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து ஐந்து இளைஞர்களின் நோய் பற்றி வந்த சிறிய அறிக்கைதான் எய்ட்ஸ் பற்றி உலகுக்குக் கிடைத்த முதல் மருத்துவத் தகவல். அந்த ஐந்து பேருக்கும் கேண்டிடா தொற்று இருந்தது. இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில். காரணம் புரியாமல் ஒருவருக்கு உணவுக்குழாயில் பூஞ்சை வந்தால் சர்க்கரைச் சோதனையோடு எச்.ஐ.வி. சோதனையும் செய்ய வேண்டும் என்பது மருத்துவத்தில் பாலபாடம். "அந்த டெஸ்டா? எங்க குடும்பத்துல அப்படியெல்லாம் கிடையாது" என்று தடுத்து நிறுத்துகிற உறவினர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார். அரசு மையங்களில் இலவசமாக, ரகசியம் காத்துச் செய்யப்படும் சோதனை அது. நம் கௌரவத்துக்காக ஒருவருடைய சிகிச்சையைத் தள்ளிப்போட நமக்கு உரிமை இல்லை.

ஆன்டிபயாடிக்கின் பின்னாலேயே பூஞ்சை வரும் என்பது புதிதாகக் கண்டுபிடித்த செய்தியும் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆன்டிபயாடிக் பரவலாகப் புழங்கத் தொடங்கியதுமே மருத்துவர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். பூஞ்சைக்கு மனித உடம்பு தாங்கும் மருந்து அப்போது இல்லை. நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் வேலை பார்த்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் அதைத் தேடினார்கள். ஹேசன் நியூயார்க் நகரத்தில், பிரவுன் ஆல்பனியில். மண் மாதிரிகளும் அவற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களும் கண்ணாடிக் குப்பிகளில் தபாலில் போய் வந்தன. வர்ஜீனியாவில் ஹேசனுடைய நண்பரின் பண்ணையில் எடுத்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர்தான் விடை தந்தது. 1950இல் அவர்கள் அறிவித்த மருந்துக்கு, மாநிலத்தின் பெயரை வைத்தே நிஸ்டாட்டின் என்று பெயரிட்டார்கள். இன்றும் குழந்தைகளின் வாய்ப் பூஞ்சைக்குச் சொட்டு விடும் மருந்து அதுதான். காப்புரிமையில் வந்த 1.3 கோடி டாலருக்கும் மேலான பணத்தை இருவரும் தங்களுக்கென்று எடுக்காமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டார்கள். அதற்கும் முன்பு, 1945 டிசம்பரில், பென்சிலினுக்காக நோபல் பரிசு வாங்கிய அலெக்சாண்டர் ஃபிளெமிங் தம் உரையில், தொண்டை வலிக்காரர் ஒருவர் தானாகவே பென்சிலின் வாங்கி அரைகுறையாகச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கற்பனையாக ஒரு சம்பவத்தையே விவரித்து எச்சரித்தார். அவர் பேசியது மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி. அந்தத் தொண்டை வலிக்காரர் இன்றைக்கும் நம் கடைவீதியில் நிற்கிறார். உலகம் எண்பது ஆண்டுகளாகச் சொல்லிவருவதை நாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எழுதுகிறவர்களின் பங்கு இதில் குறைவில்லை. 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை வந்தபோது நாம் பக்கம் பக்கமாக எழுதினோம். அந்த மே மாதம் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. கட்டுப்படாத சர்க்கரையும் அளவில்லாத ஸ்டீராய்டும்தான் முக்கியக் காரணங்கள் என்று எழுதினோம், தொலைக்காட்சியில் சொன்னோம். அலை ஓய்ந்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டோம். கண்ணையும் மூக்கையும் தின்கிற பூஞ்சை செய்தியானது. சோற்றை இறங்கவிடாத பூஞ்சை செய்தியாகவில்லை. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டு, மிக முக்கியம் என்ற முதல் வரிசையில் கேண்டிடா அல்பிகன்ஸையும் சேர்த்தது. அது நம் மாவட்டப் பக்கங்களில் ஒரு பத்தியாகக்கூட வரவில்லை என்றே நினைக்கிறேன்.

2012இல் சென்னையில் இந்திய மருத்துவ அமைப்புகள் கூடி ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கு வழிகாட்டியாகச் சென்னைப் பிரகடனம் என்ற ஒன்றை உருவாக்கின. நாடு முழுக்க மேற்கோள் காட்டிய அந்தப் பிரகடனத்துக்கு நம் தலைநகரின் பெயர். அதன் வரிகள் நம் கடைவீதிக்கு வந்து சேரவில்லை. பக்கத்துக் கேரளத்தில் 2024 ஜனவரியில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் அம்ருத்' என்று பெயரிட்டுச் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் திடீர்ச் சோதனை நடத்தியது. பொதுமக்களும் தகவல் தரலாம் என்று சொன்னது. நமக்கு அப்படி ஒரு கோரிக்கை வைக்கத் தோன்றவே இல்லை.

நாம் கேட்கத் தெரியாதவர்கள் அல்ல. தனி மாவட்டம் கேட்டோம். 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டமானது. அரியலூரை 2001இல் பிரித்து, 2002இல் பெரம்பலூரோடு சேர்த்து, 2007 நவம்பரில் மறுபடி தனி மாவட்டமாக்கினார்கள். அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி கேட்டோம். 2022 ஜனவரி 12 அன்று திறந்த 11 கல்லூரிகளில் ஒன்றாக அது கிடைத்தது. பெரம்பலூர்க்காரர்கள் திருச்சிக்கும், அரியலூர்க்காரர்கள் தஞ்சாவூருக்கும் பஸ் ஏறிய காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. கட்டடம் கேட்டோம், படுக்கை கேட்டோம், ஸ்கேன் கேட்டோம். மருத்துவர் நம் வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. சாப்பிட்ட மாத்திரையின் பெயரை எழுதித் தர வேண்டும் என்று கேட்கவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கு வந்து சர்க்கரை மாத்திரை தரும் சகோதரியிடம்கூட "எங்கப்பாவுக்கு முழுங்க முடியல, கொஞ்சம் பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லியிருப்பார். அதையும் நாம் செய்யவில்லை. முதியவர் சாப்பாட்டைத் தள்ளி வைத்தால் "வயசாச்சு, பசி குறைஞ்சிருச்சு" என்று தட்டை எடுத்துக் கழுவிவிடுகிறோம்.

கைக்குழந்தையின் நாக்கில் வெள்ளை படிந்தால் அக்கரம் என்று பாட்டிமார் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தேனும் வெங்காரமும் குழைத்துத் தடவுவது பழைய வழக்கம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, வெங்காரம் நஞ்சு, அதை விட்டுவிட வேண்டும். ஆனால் குழந்தை பால் குடிக்கச் சிணுங்கினால் வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்கிற அந்தக் கவனம் அருமையானது. எழுபது வயதுக்காரர் சோற்றுக்குச் சிணுங்கும்போது அதே கவனத்தை நாம் அவருக்குத் தருவதில்லை.

பெரம்பலூர், அரியலூர் வாசகர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் யாராவது மூன்று நாளுக்கு மேல் விழுங்க வலிக்கிறது என்றால் வெளிச்சத்தில் உட்கார வைத்து நாக்கையும் அண்ணத்தையும் பாருங்கள். ஒரு மாதத்துக்குள் சாப்பிட்ட மாத்திரைகளை ஒரு தாளில் எழுதி, வெட்டிய அட்டைத் துண்டுகள் கிடைத்தால் அவற்றையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இன்ஹேலர் இழுப்பவர் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். மெடிக்கலில் எந்த மாத்திரை வாங்கினாலும் பெயர் தெரிகிற மாதிரி வெட்டித் தரச் சொல்லுங்கள், "இதுல ஆன்டிபயாடிக் இருக்கா, ஸ்டீராய்டு இருக்கா?" என்று கேளுங்கள், இருந்தால், சீட்டு இல்லாமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடைக்காரர்களே, நீங்களும் நம் ஊர்க்காரர்கள்தான், எச்1 பதிவேட்டை எழுதுங்கள். மருந்து ஆய்வாளர்கள் அந்தப் பதிவேட்டை வந்து பார்க்க வேண்டும் என்று நவம்பர் 1 அன்று கூடும் கிராம சபையில் ஒரு தீர்மானம் போடுங்கள். அந்த மாதம் 18 முதல் 24 வரை உலகமே மருந்துக்கு அடங்காத கிருமிகள் பற்றிய விழிப்புணர்வு வாரம் நடத்துகிறது. தீர்மானத்தின் நகலை அந்த வாரத்திலேயே இரண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.